நகலெடுத்த வரிகள்: அன்றாடத் துணுக்குகள் எங்கே உடைகின்றன?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலிருந்து மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா துணுக்கு எது என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தேடிப் பார்த்தது. கிட்ஹப்பில் ஆயிரக்கணக்கான திட்டங்களுக்குள் அது புகுந்திருந்தது. செய்யும் வேலையோ அற்பமானது. கோப்பின் அளவை பைட் கணக்கில் கொடுத்தால், கிலோபைட், மெகாபைட் என்று மனிதர் படிக்கும்படி மாற்றித் தரும். 2010-இல் விடையாக எழுதப்பட்டது. அதில் பிழை இருக்கிறது என்று 2019-இல் எழுதியவரே அறிவித்தார். 9,99,999 பைட்டைக் கொடுத்தால் ‘1.0 மெகாபைட்’ என்று வர வேண்டும். வந்தது ‘1000.0 கிலோபைட்’.

காரணம் எளிது. துணுக்கு முதலில் மடக்கை போட்டு அலகை முடிவு செய்கிறது. பிறகு வகுத்து, ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்குகிறது. முழுமையாக்கும்போது எண் அடுத்த அலகுக்கு ஏறிவிட்டால், ஏற்கெனவே எடுத்த முடிவைத் திருத்த யாரும் இல்லை. லூப் போட்டு வகுத்துக்கொண்டே போகும் பழைய வழியைவிட மடக்கை வழி பார்க்க அழகாக இருந்தது. அழகாக இருந்ததால்தான் இத்தனை பேர் எடுத்தார்கள் என்பது என் ஊகம்.

யாருக்கும் பெரிய நஷ்டமில்லாத பிழைதான். ஆனாலும் நிரல் துணுக்குகளைப் பற்றிய மொத்தக் கேள்வியும் இதற்குள் இருக்கிறது. பத்து வரித் துணுக்கை எடுத்து ஒட்டும்போது, எழுதியவர் மனத்தில் வைத்திருந்த உள்ளீடுகளின் எல்லையையும் சேர்த்தே ஒட்டுகிறோம். வரிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, எல்லை தெரிவதில்லை. உரை, நேரம், கோப்பு, நெட்வொர்க் என்று தினமும் கைக்கு வரும் துணுக்குகள் எந்த எல்லையில் உடைகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பழக்கம் புதிதல்ல. கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி தேவைப்படும் சிறு நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் எழுதிச் சேர்த்து வைத்தார்கள். வேண்டியவர் நாடாவை எடுத்துத் தன் நிரலோடு சேர்த்துப் படியெடுத்துக்கொள்ளலாம். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-இல் வெளியிட்ட நூல் அந்தச் சேகரத்தை விரிவாக விளக்குகிறது. ஒவ்வொரு துணைநிரலும் எதை எதிர்பார்க்கிறது, எவ்வளவு இடம் எடுக்கும் என்ற விவரமும் கூடவே இருந்தது. எழுபது ஆண்டு கழித்து நாம் ஒட்டும் துணுக்குகளில் பெரும்பாலும் இல்லாமல் போனது அந்த விவரம்தான்.

துணுக்குக் கலையின் உச்சம் என்று யூனிக்ஸ்காரர்கள் இன்றும் சொல்வது 1986-இல் நடந்த ஒரு சம்பவம். ஜான் பென்ட்லி தன் பத்திரிகைப் பத்திக்காக டொனால்ட் நூத்திடம் ஒரு நிரல் எழுதித் தரச் சொன்னார். ஓர் உரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையோடு வரிசையாகப் பட்டியலிட வேண்டும். நூத் பல பக்கங்களுக்கு நீளும் நேர்த்தியான நிரலை எழுதினார். அதை மதிப்பிட்ட டக் மெக்கில்ராய், பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு கட்டளைகளைக் குழாயில் கோத்துச் செய்து காட்டினார். எழுத்தல்லாத அனைத்தையும் வரிமுறிவாக மாற்று, பெரிய எழுத்தைச் சிறியதாக்கு, வரிசைப்படுத்து, ஒரே மாதிரி வரிகளை எண்ணு, எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கு, முதல் சில வரிகளோடு நிறுத்து. அவ்வளவுதான்.

ஒரு தமிழ்க் கோப்பை எடுத்து இந்த ஆறு கட்டளைகளில் ஓட்டிப் பாருங்கள். வெற்றுத் தாள்தான் கிடைக்கும். ‘எழுத்து’ என்று முதல் கட்டளை எடுத்துக்கொள்வது ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மட்டும், மற்றதெல்லாம் வரிமுறிவாகிவிடும். மெக்கில்ராயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1986-இல் அவர் முன்னால் இருந்த உரை அது. யூனிகோடின் முதல் பதிப்பே 1991-இல்தான் வந்தது.

சரி, இன்றைய பைதானில் எழுதலாம் என்று வருவோம். சொற்களைப் பிரிக்க எல்லாரும் போடும் துணுக்கு, ‘சொல் எழுத்து’ என்று பொருள்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் குறியீடான பின்சாய்வு டபிள்யூ. பைதான் 3-இல் இது யூனிகோடை அறியும் என்று ஆவணம் சொல்கிறது. ‘தமிழ்நாடு’ என்ற சொல்லைக் கொடுத்தால் வருவது நான்கு துண்டுகள்: தம, ழ, ந, ட. இகரக் கொக்கி, புள்ளி, கால், உகரம் எல்லாம் உதிர்ந்துபோகின்றன. மொழியோடு வரும் ‘ரீ’ என்ற தொகுதி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்து வகையில் சேர்ப்பதில்லை. யூனிகோடில் அவை ‘குறி’ என்ற தனி வகை. மொழியோடு வராமல் தனியாக நிறுவிக்கொள்ளும் ‘ரீஜெக்ஸ்’ என்ற தொகுதியை எடுத்து, எழுத்தும் குறியும் சேர்ந்த தொடர் என்று சொல்லிப் பிரித்தால் சொல் முழுதாக வரும். ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படித்தான்: யூனிகோடு கொடியைப் போட்டு, எழுத்து வகையையும் குறி வகையையும் இரண்டையும் கேட்க வேண்டும்.

நீளம் காணும் துணுக்கும் இதே கதை. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் பைதானில் 5. யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால் 15. படிப்பவருக்கு 3. இந்த மூன்று எண்களுமே தத்தம் இடத்தில் சரி. டேட்டாபேஸில் ஒரு பத்திக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்றால் பைட் வேண்டும். திரையில் ‘இன்னும் இத்தனை எழுத்து மீதம்’ என்று காட்ட மூன்றாவது எண் வேண்டும். பெரும்பாலான துணுக்குகள் முதல் எண்ணான 5-ஐத் தந்துவிட்டு வேலை முடிந்தது என்கின்றன. சொல்லைத் திருப்பிப் போடும் துணுக்கு இன்னும் மோசம்: முன்னால் தொங்கும் ஒரு புள்ளி, பிறகு ‘ழிமத’. நேர்முகத் தேர்வுகளில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. ஆங்கிலச் சொல்லோடு முடித்துக்கொள்வதால் யாருக்கும் தெரிவதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் என்ற வசதியும், ரீஜெக்ஸ் தொகுதியில் பின்சாய்வு பெரிய எக்ஸும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பிரித்துத் தருகின்றன.

அகர வரிசையில் உள்ள சிக்கல் வெளியே தெரியாமல் பதுங்கியிருக்கும். யூனிகோடு எண்களின்படி ன என்பது ந-வுக்கு அடுத்து நிற்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து, ள-வும் ழ-வும் வ-வுக்கு முன்னால். ஆகவே எந்த மொழியிலும் சும்மா ‘சார்ட்’ போட்டால் ‘பழம்’ முன்னால் வந்து ‘பவளம்’ பின்னால் வரும். நம் நெடுங்கணக்கில் வகரம் முந்தி, ழகரம் பிந்தி. பெயர்ப் பட்டியலை இப்படி அடுக்கி அச்சுக்கு அனுப்பிய பிறகு திருத்துவது பெரும்பாடு. ஐசியு நூலகத்தில் தமிழுக்கென வரிசை விதி இருக்கிறது. அதைக் கூப்பிடும் மூன்று வரித் துணுக்கு போதும்.

தேடல் துணுக்குகளில் இன்னொரு கண்ணி. ‘கொ’ என்ற எழுத்தை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஒரு கோப்பில் ‘கொடி’ இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை. ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்கு மாற்றும் ஒரே ஒரு வரி இதைத் தீர்க்கும். ஆனால் ஔவையாரை ஒகரமும் ளகரமும் போட்டு ‘ஒளவையார்’ என்று தட்டியவரை அந்த வரி காப்பாற்றாது. ளகரமும் ஔகாரத்தின் வால்குறியும் யூனிகோடில் வெவ்வேறு எண்கள். அதற்குத் தனியாக ஒரு மாற்று வரி எழுதத்தான் வேண்டும்.

உரையைவிட்டு நகருமுன் வெற்றிடம் நீக்கும் துணுக்கையும் பார்த்துவிடலாம். இதைவிட அப்பாவியான வேலை நிரலுலகில் கிடையாது. 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமே இதனால் 34 நிமிடம் படுத்தது. வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெற்றிடங்களை நீக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்திருந்தார்கள். ஒருவர் இட்ட பதிவில் சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்தன, ஆனால் வரியின் முடிவில் அல்ல. தேடும் இயந்திரம் முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000 வரை போய், ‘முடிவு இல்லை’ என்று திரும்பி, இரண்டாவதில் தொடங்கி 19,999 வரை போய், இப்படியே கூட்டினால் ஏறக்குறைய 20 கோடி ஒப்பீடு. அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் தெரிந்ததால், முகப்பைத் தட்டிப் பார்த்து சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று முடிவு செய்யும் லோடு பேலன்சர் எல்லா சர்வர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டது. உலகத்துக்கே துணுக்கு கொடுக்கும் தளம் ஒரு வரித் துணுக்கில் விழுந்தது. பிறகு அந்த எக்ஸ்பிரஷனை எடுத்துவிட்டுச் சாதாரணமாக வெட்டும் ஃபங்ஷனைப் போட்டார்கள்.

காற்புள்ளியில் வெட்டி சிஎஸ்வி படிக்கும் துணுக்கு பற்றி நீட்டி முழக்க வேண்டாம். முகவரியில் காற்புள்ளி வரும் நாடு நம்முடையது. மொழியோடு வரும் சிஎஸ்வி தொகுதியைப் பயன்படுத்துங்கள். எண்ணுக்குக் காற்புள்ளி போடும் துணுக்கும் அப்படியே. வலையில் கிடைப்பவை மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும். லட்சம், கோடி வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்டில் மொழிக்குறியீட்டை ஆங்கில இந்தியா என்றோ தமிழ் இந்தியா என்றோ கொடுத்தால் 12,34,567 என்று தானே வரும்.

நேரத்துக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட்டின் ஸூன் என்ற பாட்டுக் கருவி, 30 ஜிபி வகை மட்டும், 2008 டிசம்பர் 31 அன்று ஒட்டுமொத்தமாக உறைந்தது. நாள் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் சிறு லூப்தான் காரணம். நாள் 365-க்கு மேல் இருக்கும்வரை லூப் சுற்றும். லீப் ஆண்டென்றால், நாள் 366-க்கு மேல் இருந்தால் மட்டும் 366-ஐக் கழிக்கும். லீப் ஆண்டின் கடைசி நாளில் எண் சரியாக 366. லூப்பை விட்டு வெளியேற முடியாது, கழிக்கவும் முடியாது. பேட்டரி தீரும்வரை விட்டு, மறுநாள் சார்ஜ் போடச் சொன்னார்கள். வாசித்துப் பார்த்தால் சரியாகத் தோன்றும் நிரல் அது. 366 என்ற ஒரே ஓர் எண்ணைக் கொடுத்துப் பார்த்திருந்தால் அகப்பட்டிருக்கும்.

நேர மண்டலத்தை முழு எண் மணியாக வைத்துக்கொள்ளும் துணுக்குகள் நம் 5:30-இல் உடனே உடைவதால் ஆபத்து குறைவு, உடனே தெரிந்துவிடும். 5:30 என்று எழுதி ஆணியடித்த துணுக்குதான் ஏமாற்றும். இலங்கை 1996-இல் கடிகாரத்தை முதலில் 6:30-க்கும் பிறகு 6:00-க்கும் மாற்றி, 2006-இல் மீண்டும் 5:30-க்கு வந்தது. அந்தப் பத்தாண்டில் பதிவான கொழும்பு ஆவணங்களின் நேரத்தை இன்றைய எண்ணைக் கூட்டிக் கணக்கிட்டால் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ பிசகும். ஆசியா/கொழும்பு என்று மண்டலத்தின் பெயரைக் கொடுங்கள். மாற்றங்களின் வரலாறு நேர மண்டலத் தரவுத்தளத்தில் இருக்கிறது.

தானியக்கம் என்று வந்தால் பாதி வேலை ஷெல் ஸ்கிரிப்டில்தான். ஷெல் துணுக்குகள் மற்றவற்றைப் போலத் தப்பான விடை தந்து நிற்பதில்லை, இருப்பதை அழித்துவிடும். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் மென்பொருளில் வெளிப்பட்ட பிழை பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டியது. ஸ்கிரிப்ட் தான் இருக்கும் அடைவின் பாதையைக் கண்டுபிடித்து ஒரு மாறியில் வைக்கிறது. பின்னால் ஓரிடத்தில் அந்த மாறி, ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரம் என்று சேர்த்து அழிப்புக் கட்டளைக்குக் கொடுக்கிறது. பாதையைக் கண்டுபிடிக்கும் வரி தோற்றால் மாறி காலி. மிச்சம் இருப்பது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது வட்டின் வேரிலிருந்து எல்லாம். எழுதியவர் அந்த வரிக்கு மேலேயே ‘பயங்கரம்’ என்ற பொருளில் குறிப்பு போட்டிருந்தார் என்பது தனிச் சோகம். பயந்தவர் இன்னும் ஒரு குறியீடு சேர்த்திருக்கலாம்: மாறியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இட்டால், காலியாக இருக்கும்போது ஷெல் நின்றுவிடும்.

‘டெர்மினல்ல ஓடுது, கிரான்ல ஓடல’ என்ற புலம்பலைக் கேட்காத அலுவலகம் இருக்காது. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான், நம் லாகின் சூழலைப் படிப்பதில்லை. கட்டளைகளைத் தேடும் பாதைப் பட்டியல் அதனிடம் மிகச் சிறியது. அதனால் முழுப் பாதையை எழுதச் சொல்வார்கள். அது பலருக்குத் தெரியும். தெரியாதது இன்னொன்று: கிரான்டேப் வரியில் சதவீதக் குறி வரிமுறிவாக எடுத்துக்கொள்ளப்படும். பேக்கப் கோப்புக்குத் தேதியைப் பெயராக வைக்கும் துணுக்கை அப்படியே கிரான்டேப்பில் ஒட்டினால், ஆண்டு, மாதம், நாளுக்கான சதவீதக் குறிகளில் கட்டளை வெட்டுப்பட்டுவிடும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்வு இட வேண்டும், அல்லது கட்டளையை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் வைத்து அந்தக் கோப்பைக் கூப்பிட வேண்டும். இரண்டாவதே நல்லது. முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காமல் இருக்க எஃப்லாக் கட்டளையை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஷெல்செக் என்ற இலவசக் கருவி, மேற்கோள்குறி இல்லாத மாறிகளையும் இடைவெளி உள்ள கோப்புப் பெயரில் உடையும் லூப்களையும் வரி எண்ணோடு காட்டிவிடும். நகலெடுத்த ஷெல் துணுக்கை அதில் ஒரு முறை ஓட்டாமல் சர்வரில் வைப்பது அசட்டுத் துணிச்சல்.

கோப்பில் எழுதும் துணுக்குகளுக்கு ஒரு நல்ல மரபு உண்டு: அதே அடைவில் தற்காலிகக் கோப்பில் எழுதி, வட்டுக்குத் தள்ளி, கடைசியில் பெயரை மாற்றுவது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். நடுவில் மின்சாரம் போனால் பழைய கோப்போ புதிய கோப்போ இருக்கும், அரைகுறை இருக்காது.

நெட்வொர்க்கில் தோற்றால் மறுபடி முயலும் துணுக்கு, எழுதியவர் கணினியில் எப்போதும் நன்றாக ஓடும். ஒரே சமயத்தில் ஆயிரம் கிளையன்ட்கள் அதை ஓட்டும்போதுதான் குணம் தெரியும். சர்வர் தடுமாறுகிறது, எல்லாரும் ஒரு விநாடி காத்திருந்து ஒன்றாகவே திரும்ப மோதுகிறார்கள், சர்வர் மறுபடி விழுகிறது. இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதில் கொஞ்சம் தற்செயல் எண்ணைக் கலந்து, இத்தனை முறைக்கு மேல் இல்லை என்று வரம்பும் வைத்தால்தான் அது முழுமையான துணுக்கு. பணம் அனுப்பும் அழைப்புக்கு இதைப் போடுவதற்கு முன், அதே கோரிக்கை இரண்டு முறை போனால் இரண்டு முறை பணம் போகுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

துணுக்கைக் கையால் ஒட்டாமல் தொகுதியாக இறக்கிக்கொண்டால் திருத்தங்கள் தானாக வருமே என்ற வாதம் நியாயமானதுதான். அதற்கும் 2016 மார்ச்சில் ஒரு விலை தெரிந்தது. சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பும் 11 வரி லெஃப்ட்-பேட் தொகுதியை, பெயர்த் தகராறு ஒன்றில் கோபித்துக்கொண்டு உரிமையாளர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, அதை மறைமுகமாக நம்பியிருந்த பேபல் முதலான திட்டங்களின் பில்டு உலகெங்கும் தோற்றது. ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலேயே அந்த ஃபங்ஷன் அடுத்த ஆண்டு சேர்ந்தது. என் கணிப்பில், ஒரே பார்வையில் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியதை ஒட்டிக்கொள்ளலாம். சங்கேதம், கடவுச்சொல், நேர மண்டலம் மூன்றையும் ஒருபோதும் ஒட்டக் கூடாது, நூலகத்திடம் விட்டுவிட வேண்டும். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து, 15.4 சதவீதத்தில் பாதுகாப்பு தொடர்பான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ துணுக்குகளைக் கண்டது, அவற்றில் 97.9 சதவீதச் செயலிகளில் குறைந்தது ஒரு துணுக்காவது பாதுகாப்பற்றது.

உரிமம் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அந்தத் தளத்தின் விடைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவை; எழுதியவரைக் குறிப்பிட வேண்டும், வழிவந்த ஆக்கத்தையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். எடுத்த இடத்தின் முகவரியை மேலே ஒரு கமென்ட்டாக எழுதுவது மரியாதை மட்டுமல்ல, பின்னால் அங்கே திருத்தம் வந்தால் நமக்கு வழியும் அதுதான்.

2021-இல் கோபைலட், 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, துணுக்கைத் தேடுவது குறைந்து கேட்பது கூடியிருக்கிறது. வேகம் மறுக்க முடியாதது. இழப்பு ஒன்றும் இருக்கிறது. பழைய விடைகளின் அடியில் மூன்றாவது நான்காவது கமென்ட்டில் யாராவது ஒருவர் ‘இது எதிர்மறை எண்ணுக்கு வேலை செய்யாது’ என்று முனகியிருப்பார். அந்த முனகல்தான் துணுக்கின் எல்லையைச் சொன்னது. செயற்கை நுண்ணறிவு மாடல் தரும் துணுக்குக்கு வயதும் இல்லை, சண்டை போட்டவர்களும் இல்லை. இல்லாத தொகுதியின் பெயரைச் சொல்லி நிறுவச் சொல்வதும் உண்டு. அந்தப் பெயரில் தீய நிரலைப் பதிந்துவைத்துக் காத்திருப்பவர்களும் உண்டு. எனவே துணுக்கைக் கேட்கும்போதே, ‘இது எந்தெந்த உள்ளீட்டில் உடையும், அவற்றுக்கான டெஸ்ட்டையும் எழுது’ என்று கேட்டு, அந்த டெஸ்ட்டை ஓட்டியும் பார்த்துவிட வேண்டும்.

தமிழ் உரையைக் கையாளும் துணுக்கு எழுதி வெளியிடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதன் அடியில் ஐந்து சோதனைகளைச் சேருங்கள்: இரு வடிவிலும் ‘கொடி’, ளகரத்தில் எழுதிய ‘ஔவை’, ஸகரம், ஶகரம் இரண்டிலும் எழுதிய ‘ஸ்ரீ’, நீளத்துக்கு ‘க்ஷ’, வரிசைக்கு ‘பவளம், பழம்’. ஐந்தில் எது தோற்றாலும் பரவாயில்லை, தோற்கிறது என்று எழுதிவையுங்கள். எடுத்து ஒட்டுபவருக்கு அது போதும்.